கோமதி டீச்சர் எழுதிய கண்கள்

கோமதி டீச்சர் காலமான செய்தி வந்தபோது நான் ரொட்டியைப் பிய்த்து உருட்டிக்கொண்டிருந்தேன். ஆண்டுவிழா நாடகத்துக்கு வேஷம் கட்டிப் பார்க்கும் ஒத்திகை அன்றைக்கு. ராணி வேஷக்காரப் பெண் ஒரு கண்ணுக்கு மட்டும் மை எழுதி முடித்த கோலத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பியூன் கேசவன் கதவருகே வந்து நின்று, "டீச்சரே, கோமதி டீச்சர் போயி" என்றார். இந்தத் திருவனந்தபுரத்தில் இத்தனை காலம் குப்பை கொட்டியும் அந்தச் சொல் எனக்கு உடனே உறைக்கவில்லை. "எங்க போனாங்க? ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குத்தானே கொண்டுபோனாங்க?" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "மரிச்சு போயி டீச்சரே" என்றார். கையில் இருந்த ரொட்டியை அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டு கரமனைக்குக் கிளம்பினேன்.

ஒப்பனை அறையில் ரொட்டிக்கு என்ன வேலை என்று நம் பள்ளியின் இந்த ஆண்டு மலரை வாசிக்கும் புதியவர்கள் கேட்பார்கள். அவரிடம் படித்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்லாமல் அவரைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

அவர் நம் பள்ளியில் சித்திர டீச்சர். கரமனை அக்ரஹாரத்துப் பெண். கல்யாணம் என்றால் என்னவென்று புரிவதற்கு முன்பே அதை அவருக்கு முடித்தும் வைத்தார்கள், அது முடிந்தும் போய்விட்டது. புகுந்த வீட்டுக்கு அவர் போகவே இல்லை. அண்ணாதான் ஊரார் பேச்சைப் பொருட்படுத்தாமல் படிக்க வைத்தார். கடைசிவரை கோமதி டீச்சர் அதை நன்றியோடு சொன்னார். நானும் அதை மறைக்கப் போவதில்லை. வெள்ளைப் புடவை, வெறும் நெற்றி, வெறும் கழுத்து. நானோ நாகர்கோவில் பக்கத்து வேதக்காரி, தையல் டீச்சர். எங்கள் சபையில் பெண்கள் பொட்டும் வைப்பதில்லை, மையும் இடுவதில்லை. ஆக, சொந்தக் கண்ணில் மை இட்டறியாத இரண்டு பேரை நம்பித்தான் இந்தப் பள்ளி தன் ராணிகளையும் ராட்சசிகளையும் மேடையேற்றியது. "நாம ரெண்டு பேரும் பரிமாறத்தான் டீச்சர், எலை போட்டுண்டு உக்கார இல்லை, கேட்டேளா" என்று அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் நான் ஒருநாளும் சேர்ந்துகொண்டதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த வருஷத்து நாடகத்தில் அவருக்குப் பங்கில்லை. பெரிய வகுப்புப் பெண்களே ஒருவருக்கொருவர் முகத்தில் மாவைப் பூசி, அதன்மேல் கண்ணுக்குக் கரியைத் தேய்த்துக்கொண்டார்கள். கரிப்பொடி உதிர்ந்து, கன்னத்து மாவில் விழுந்து, அதைத் துடைக்கப் போய் இன்னும் பரவி, கதாநாயகி அடுப்பங்கரையிலிருந்து நேராக ஓடிவந்தவள் மாதிரி மேடையில் நின்றாள். பின் வரிசையில் உட்கார்ந்திருந்த கோமதி டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறார் என்று நினைத்தேன். இல்லை, தாங்க முடியாமல் பொத்தியிருக்கிறார். மறு வருஷம் தாமாகவே ஒப்பனை அறைக்குள் வந்து மாவுக் கிண்ணத்தை எடுத்து ஜன்னலில் வைத்தார். "முகம் அப்பறம். கண்ணு முதல்ல. உதிரி விழுந்தா மாவு பூசாத தோல்லேந்து எடுத்துடலாம். பூசின பின்னே விழுந்தா கதை தீந்துது" என்றார்.

உதிரி என்பது அவர் சொல். கண்ணிலிருந்து கன்னத்தில் விழும் மைத்தூளுக்கு நமக்குத் தனியாக ஒரு பெயர் இருந்ததில்லை. அவர் பூக்காரியிடமிருந்து அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார். மை இடுவது, தீட்டுவது என்றும் அவர் சொல்ல மாட்டார். மலையாளத்துக்காரர்கள் சொல்வதுபோலக் கண்ணெழுதுவது என்பார். "எழுதறது பெரிசில்லை. உதிராம எழுதணும்."

எழுதுவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். விளக்கெண்ணெய்த் திரியின் புகையைப் பித்தளைத் தட்டில் பிடித்துச் சுரண்டி, ஒரு பாதியை எண்ணெயில் குழைத்துக் கோட்டுக்கும், மறு பாதியைப் பொடியாகவே இமைக்கும் வைத்துக்கொள்வார். முதலில் இமையில் எண்ணெய் தொட்ட விரலை ஒற்றுவார், பொடி பிடிப்பதற்காக. காகிதத்தை இறுக்கிச் சுருட்டிய குச்சியில் பொடியைத் தொட்டு, தம் புறங்கையில் இரண்டு தட்டுத் தட்டுவார். விழுவது அங்கேயே விழட்டும் என்று. பிறகு இமையில் இழுக்க மாட்டார், ஒற்றி ஒற்றி வைப்பார். முடியோரத்தில் கறுப்பாகத் தொடங்கி, மேலே போகப் போக வெறும் விரலால் சின்னச் சின்னதாகச் சுழித்து, எங்கே முடிந்தது என்று சொல்ல முடியாதபடி கரைத்துவிடுவார். அந்த நேரத்தில் அவரும் மூச்சுவிட மாட்டார், அந்தப் பெண்ணும் விடக்கூடாது. ஊதினாலோ தொலைந்தோம்.

இத்தனைக்கும் பிறகு ஒன்றிரண்டு உதிரி விழத்தான் செய்யும். அதற்குத்தான் ரொட்டி. சித்திர வகுப்பில் கரிக்கோட்டை அழிக்க ரொட்டியின் மெத்துப் பகுதியை உருட்டி ஒற்றி எடுப்பார்கள். அதையே அவர் கன்னத்துக்குக் கொண்டுவந்தார். ஆனால் இந்த ஊர் ரொட்டிக்கு மாவு புளிக்கக் கள் ஊற்றுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. கரமனை வீட்டுக்குள் அது நுழைய முடியுமா? தம்பானூர்ப் பக்கத்து ரொட்டிக்கடையில் நான்தான் வாங்கி வருவேன். அவர் இரண்டு விரலால் மட்டும் தொட்டு உருட்டி, வேலை முடிந்ததும் குழாயடியில் கை கழுவிவிட்டு, "கள்ளுக்குடிச்ச கை" என்று அதை என்னிடம் நீட்டிக் காட்டுவார். உதிரி விழுந்ததும் பெண்கள் பதறிப்போய்க் கையை முகத்துக்குக் கொண்டுபோனால், அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். "விழுந்ததைத் தேய்க்கப்படாது. தேய்ச்சா கோடாயிடும். எடுக்கணும்." நம் பள்ளியில் படித்த பெண்களில் பாதிப் பேருக்கு அவர் கற்றுக்கொடுத்த பூவும் மாங்காயும் மறந்திருக்கும். இது மறந்திருக்காது.

இதற்கெல்லாம் அவருக்கு எப்படி அனுமதி கிடைத்தது என்று நீங்கள் கேட்கலாம். நாடகக் கண் வேஷக் கண், அதில் தோஷமில்லை என்று அவர் வீட்டில் விட்டுவைத்திருந்தார்கள். மெல்லிய நூலின்மேல் நின்ற அனுமதி அது. பழைய மாணவி ஒருத்தி கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்து, "முகூர்த்தத்துக்கு நீங்கதான் கண்ணெழுதணும் டீச்சர்" என்று கேட்டாள். கோமதி டீச்சர் அவள் தலையைத் தொடப்போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார். "கல்யாணத்துக்கு என் கை ஆகாது குழந்தே. வேஷத்துக்குத்தான் ஆகும்." பிறகு ஒரு தாளில் அந்தப் பெண்ணின் கண்ணையே வரைந்து, மை எங்கே தொடங்கி எங்கே கரைய வேண்டும் என்று கரிக்கோலால் காட்டி, அவளுடைய அத்தையிடம் கொடுக்கச் சொன்னார். அவள் போன பிறகு நான் திட்டினேன். அவரை இல்லை, ஊரை. "சாரமில்லை டீச்சர்" என்றார். போகட்டும் என்பதற்கு இந்த ஊர்ச் சொல். அவர் வாயில் அது அடிக்கடி வரும்.

அந்த நூல் அறுந்த நாளைச் சொல்ல வேண்டும். அன்றைக்கும் ஒத்திகைதான். ராட்சசி வேஷக்காரப் பெண்ணுக்கு இமைப்பொடி ஒற்றிக்கொண்டிருந்தபோது அவளுக்குத் தும்மல் வந்துவிட்டது. தட்டில் இருந்த பொடி முழுக்கக் கோமதி டீச்சர் முகத்தில். பெண்கள் எல்லோரும் ஓவென்று சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ரொட்டி தீர்ந்திருந்தது. கண்ணாடியை மேடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். வீட்டுக்குப் போக நேரமாகிவிட்டது. புடவைத் தலைப்பால் துடைத்தால் வெள்ளைப் புடவை கறுத்துப்போகும். அதனால் வெறும் விரலால் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். விரலில் எண்ணெய் மை ஒட்டியிருந்தது அவர் நினைவில் இல்லை. யார் மணிக்கட்டையும் பிடித்து நிறுத்துகிறவர், அன்றைக்குத் தம் மணிக்கட்டைப் பிடிக்க ஆளில்லாமல் தேய்த்துவிட்டார். நான் மேடைப்பக்கம் திரைத்துணி தைத்துக்கொண்டிருந்தேன். அவர் போனதைப் பார்க்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவர் தெருவுக்குள் நுழைந்திருக்கிறார். தெரு முழுக்க வாசலில் நின்றிருக்கிறது. "எல்லாரும் என்னையே பாத்தா டீச்சர். எதுக்குப் பாக்கறான்னு தெரியலை. நானும் சிரிச்சுண்டே வந்தேன்" என்று பின்னால் என்னிடம் சொன்னார். வீட்டு வாசலில் மன்னி, அதாவது அண்ணாவின் மனைவி, உள்ளே போய்க் கண்ணாடியைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே பிடித்தாராம். இரண்டு கண்ணும், யாரோ உட்கார்ந்து எழுதிவிட்ட மாதிரி. "அதுக்கப்பறம் என்ன நடந்ததுன்னு கேக்காதேங்கோ. ஆனா ஒண்ணு சொல்றேன், யார்ட்டயும் சொல்லப்படாது. அந்தக் கண்ணாடியிலே பாத்தப்போ, நன்னாத்தான் இருந்தது டீச்சர்."

யாரிடமும் சொல்லாமல்தான் இத்தனை வருஷம் இருந்தேன். இனிமேல் யாருக்கு என்ன நஷ்டம்?

மறுநாள் அண்ணா பள்ளிக்கு வந்து தலைமையாசிரியையைப் பார்த்தார். வேலையை விடச் சொல்லவில்லை. சித்திரம் சொல்லிக்கொடுக்கலாம், மையைத் தொடக்கூடாது, அவ்வளவுதான் என்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு கரமனைக்கே போய்விட்டேன். அண்ணா சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. மரியாதையானவர். வாசலில் எனக்கு நாற்காலி போட்டார்.

"பொண்ணு தும்மினது டீச்சர் மேல தப்பா சார்? அறையில இருந்த அத்தனை பொண்ணுகளும் பாத்திருக்காங்க, கூட்டிட்டு வந்து சாட்சி சொல்லச் சொல்லுதேன்" என்றேன்.

"நீங்கோ சொல்றதை நான் நம்பறேன். நம்பி என்ன பண்றது? எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. ஒருத்தியை அடுத்த மாசம் பொண் பாக்க வரா. தெருவெல்லாம் பாத்துடுத்தே, கேட்டேளா."

கதவுக்குப் பின்னாலிருந்து மன்னியின் குரல் வந்தது. "மை இட்டுண்டு சிரிச்சுண்டே வந்தா. எங்கண்ணால பாத்தேன்."

"அது இட்டதில்லை அம்மா, தேய்ச்சது" என்றேன்.

"தேய்ச்சா கோடு வருமோ?" என்று மன்னி கேட்டார். கோமதி டீச்சர் உள்ளே எங்கேயோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. வெளியே வரவில்லை. நான் போன காரியம் ஆகாமல் திரும்பினேன்.

அதிலிருந்து ஒப்பனை அறையில் கண்ணெழுதுவது என் வேலை ஆயிற்று. அவர் வாசற்படிக்கு வெளியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று சொல்லுவார். "தட்டுங்கோ. ஒத்துங்கோ. இழுக்காதேங்கோ. அங்கே மதி, கரைச்சுடுங்கோ." மதி என்பது போதும் என்பதற்கு மலையாளம். தையற்காரியின் கை எனக்கு. ஊசி பிடிப்பேன், மை பிடிக்க வராது. நான் எழுதிய ராணிகள் எல்லாம் அழுது முடித்தவர்களைப் போலத்தான் இருந்தார்கள். பெண்கள் ஒருநாள் என்னிடம் வந்து, கோமதி டீச்சரின் பின்னால் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். கட்டிய கைகளுக்குள் அவருடைய விரல்கள் வெறும் காற்றில் சுழித்துச் சுழித்துக் கரைத்துக்கொண்டிருந்தன. அவருக்கே அது தெரியாது. நான் திரும்பி என் இடத்துக்குப் போய்விட்டேன்.

யுத்தம் வந்தது. அரிசிக்கே வரிசையில் நிற்கும் காலத்தில் கன்னத்தில் ஒற்ற ரொட்டி கேட்பது பாவம் என்று நாடகத்தை நிறுத்தினார்கள். யுத்தம் முடிந்து மறுபடியும் நாடகப் பேச்சு எழுந்தபோது கோமதி டீச்சருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. அண்ணாவின் பெண்கள் இருவரும் புகுந்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். இனித் தடையென்ன, ஒருதரம் கேட்டுப் பாருங்கள் என்று நான் நச்சரித்தேன். "கேட்டா தரமாட்டான்னு பயமில்லை. தந்துடுவான்னுதான் பயம். அப்பறம் இத்தனை வருஷம் எதுக்குன்னு தோணுமே" என்றார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு நான் பள்ளி விட்டதும் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். மன்னி சாயங்காலம் கஞ்சி கொண்டுவருவார். அதற்கு முன்பு கொஞ்சநேரம் நாங்கள் இருவர் மட்டும். ஒருநாள், "டீச்சர், எனக்கு ஒரு கண்ணு எழுதணும்" என்றார். நான் தப்பாகப் புரிந்துகொண்டு, "நாளைக்கு மை கொண்டு வாறேன், எழுதி விடுதேன்" என்றேன். தலையை அசைத்தார். "எனக்கு இல்லை. என் கையாலே. ஒரே ஒரு கண்ணு." அந்த வார்டில் யாருடைய கண்ணைக் கேட்பது? மறுநாள் அவருடைய மை இருந்த பித்தளை டப்பாவையும் காகிதச் சுருளையும், வழக்கம்போல ரொட்டித் துணுக்கையும் எடுத்துக்கொண்டு போய், என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவர்மேல் குனிந்தேன். நரைத்த வேதக்காரியின் கண்தான் கிடைத்தது அவருக்கு. எங்கள் போதகர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, அன்றைக்கு எனக்கு அக்கறை இல்லை.

"மூச்சு விடப்படாது" என்றார், தாம் மூச்சுக்குத் திண்டாடிக்கொண்டே. விரல் என் இமையில் பட்டது. குளிர்ந்திருந்தது. புறங்கையில் தட்டினார், ஒற்றினார், சுழித்தார். அவர் கையிலிருந்து இத்தனை உதிரி விழுந்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அவர் படுத்திருந்தார், நான் மேலே குனிந்திருந்தேன். என் இமையிலிருந்து உதிர்ந்ததெல்லாம் அவருடைய இரண்டு கண்ணோரத்து முடியிலும் விழுந்தது. நான் ரொட்டியை எடுத்தேன். "அது கிடக்கட்டும்" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "உங்க கண்ணு நன்னா வந்திருக்கு." அவர் கண்ணில் நீர் நிறைந்தது, எனக்கும்தான். மற்ற கண்ணைத் தொடுவதற்குள் வராந்தாவில் மன்னியின் பேச்சுக்குரல் கேட்டது. என் கண்ணைத் துடைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தேன். மன்னி கஞ்சியை வைத்துவிட்டு, "கண்ணு என்ன, செவந்திருக்கு?" என்று அவரைக் கேட்டார். "தூக்கமில்லை மன்னி" என்றார் கோமதி டீச்சர். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லி அவரை வீட்டுக்குக் கொண்டுபோனது அதற்கு மறுநாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டிக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். என்னை யாரும் உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் வாசற்படியருகே நின்றேன். மன்னி தலைமாட்டில் உட்கார்ந்து ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சட்டென்று குனிந்து பார்த்தார். எண்ணெய் விளக்குக் கரி தண்ணீருக்குப் போகாது. முடியோரத்தில் அந்தக் கறுப்பு இருந்திருக்கிறது. மன்னி துணியைச் சுருட்டித் தேய்த்தார். ஒருதரம், இன்னொருதரம். பிறகு அடுத்த கண்ணையும்.

தேய்க்கத் தேய்க்க, நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. இரண்டு இமையோரத்திலும் கோடு விழுந்துகொண்டிருந்தது.

மன்னியின் கை நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் பையில் ரொட்டி இருந்தது. இரண்டு ஒற்று ஒற்றினால் போதும், அத்தனையும் வந்துவிடும். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது மன்னிக்கும் தெரிந்ததென்று நினைக்கிறேன். நான் பையைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்து யாரோ ஒரு மாமி, "தொடைச்சாச்சோ? நாழியாறது" என்று குரல் கொடுத்தார். மன்னி துணியை மடியில் வைத்துக்கொண்டு, கோமதி டீச்சரின் முகத்தையே பார்த்தபடி, "தொடைச்சாச்சு" என்றார்.

அப்படியே எடுத்துக்கொண்டு போனார்கள். தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பித்தளை டப்பாவைப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டேன், அடுத்த ராணிக்கு ஆகும். காகிதச் சுருளைச் சித்திர வகுப்புப் பெண்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். என்னிடம் இருப்பது அந்த ரொட்டித் துண்டு ஒன்றுதான். காய்ந்து கல்லாகி என் தையற்பெட்டியில் கிடக்கிறது. எறும்பு வரும், தூக்கிப் போடு என்று வீட்டில் சத்தம் போடுகிறார்கள். நான் போடவில்லை. அதில் ஒரு பொட்டுக் கறுப்புக்கூட இல்லை.